கார் கதவுக் கண்ணாடியை வீட்டிலேயே மாற்றுவது: மாட்டும் வேலை சின்னது, துகள் எடுக்கும் வேலைதான் பெரியது

கதவுக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொன்னால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அரை மணி நேர வேலை சார், மாட்டிடலாம்." மாட்டுவது அரை மணி நேர வேலைதான், அதில் பொய் இல்லை. ஆனால் உடைந்த கண்ணாடி எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. பாதி சீட்டில் கொட்டியிருக்கும், மீதி கதவுக்குள் போயிருக்கும். என்னுடைய 2014 ஸ்விஃப்டில், புல் வெட்டும் மெஷினிலிருந்து தெறித்த கல் பட்டு இடது முன்கதவுக் கண்ணாடி போனது. மழைக்காலம், அவசரம், ஒரு கடையில் 2,900 ரூபாய் கொடுத்து மாட்டியாயிற்று. அங்கே கதவுக்குள் கிடந்த துகளை எடுக்காமலேயே புதுக் கண்ணாடியை இறக்கியிருக்கிறார்கள். சில வாரத்தில் கண்ணாடி முழுக்க நெட்டுக்கு நெட்டாகக் கோடு விழுந்தது. மழை பெய்த மறுநாள் காலடி மேட் ஈரமாக இருந்தது. கதவைச் சாத்தினால் உள்ளே சளக் சளக் என்று தண்ணீர்ச் சத்தம். கடைசியில் ஜன்னல் பாதியில் நின்றது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைக்குத் திரும்பப் போனால் "ரெகுலேட்டர் பழசு, நாங்க என்ன பண்றது" என்ற பதில். ரெகுலேட்டர் என்பது கதவுக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு. வயிற்றெரிச்சலாக இருந்தது. கண்ணாடி, ரெகுலேட்டர் எல்லாவற்றையும் மறுபடி வாங்கி வீட்டு வாசலிலேயே மாற்றியதில் இன்னொரு 4,280 ரூபாய் போனது. முதல் 2,900 அப்படியே தண்டம். அன்றைக்கு யாராவது எனக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கண்ணாடி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. முன்பக்கக் கண்ணாடி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விட்டாலும் இடத்திலேயே நிற்கும். கதவில் இருப்பது டெம்பர்டு. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றடித்துச் சட்டென்று ஆறவைத்தது. அதனால் மேல்பரப்பு அழுத்தத்திலும் உள்பக்கம் இழுவிசையிலும் இருக்கும். ஓர் இடத்தில் அந்தப் பிடி விட்டால் போதும், முழுக் கண்ணாடியும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். பெரிய கூர்த்துண்டு வந்து ஆளைக் கிழிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இதிலிருந்து மூன்று விஷயம். டெம்பர்டு கண்ணாடியை வெட்டவோ துளைபோடவோ முடியாது, அளவு தப்பினால் தப்பினதுதான். பழைய வண்டிக்குச் சாதாரணக் கண்ணாடியை வெட்டித் தேய்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். விபத்தில் அது கத்தியாகத்தான் உடையும். மூன்றாவது, இந்தக் கண்ணாடிக்கு ஓரம்தான் பலவீனம். நடுவில் கையால் தட்டினால் ஒன்றும் ஆகாது, ஓரத்தில் சிமெண்ட் தரையின் ஒரு மணல் பட்டால் போய்விடும்.

கண்ணாடி உடைந்ததும் செய்ய வேண்டியது: கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ஷூ. ஜன்னல் ரப்பரில் தொற்றி நிற்கிற துண்டுகளை வெளிப்பக்கமாகத் தட்டி எடுங்கள், கதவுக்குள் தள்ளாதீர்கள். உடைந்த கதவின் பவர் விண்டோ பட்டனைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை மோட்டார் ஓடும்போதும் துகள் ரெகுலேட்டரின் தண்டவாளத்துக்குள் போய்ச் சேரும். மழைக்கு மூட, தடித்த பாலிதீன் ஷீட்டைக் கதவு ஃபிரேமுக்கு மேல் போட்டு உள்பக்கம் மடித்துக் கதவைச் சாத்தினாலே இறுக்கமாக நிற்கும். டேப் ஒட்டியே ஆக வேண்டும் என்றால் மாஸ்கிங் டேப் மட்டும். பழுப்பு நிற பேக்கிங் டேப்பை பெயிண்டில் ஒட்டி வெயிலில் விட்டால் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் பாலிஷ் போய்விடும்.

இன்சூரன்ஸில் கேட்கலாமா என்று யோசிப்பீர்கள். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது என்பது உண்மைதான். பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம் பிடிப்பதுபோல் இதற்குப் பிடிப்பதில்லை. ஆனால் 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயமாக 1,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், அடுத்த வருஷம் பூஜ்ஜியமாகிவிடும். ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவீதம் சேர்த்து வைத்திருப்பவர், ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் பாதியை ஒரு கதவுக் கண்ணாடிக்காக விடுவதா? போனஸைக் காக்கும் ஆட்-ஆன் எடுத்திருந்தால் மட்டும் கேளுங்கள், இல்லையென்றால் கைக்காசு போடுவதே லாபம்.

கண்ணாடி வாங்கும்போது "ஸ்விஃப்ட் லெஃப்ட் டோர் கிளாஸ்" என்று மட்டும் சொன்னால் எதையாவது கொடுத்துவிடுவார்கள். இந்தியாவில் ஸ்விஃப்ட் 2005, 2011, 2018, 2024 என்று நான்கு வடிவத்தில் வந்திருக்கிறது, கதவும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. மாடல் மாறுகிற வருஷத்தில் வாங்கிய வண்டிக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஆர்.சி.யில் இருக்கிற தயாரிப்பு மாதமும் சேசிஸ் நம்பரும் சொல்லி பார்ட் நம்பர் எடுக்கச் சொல்லுங்கள். இடது வலது என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு. கடைக்காரர் வண்டியின் முகத்தைப் பார்த்து நின்று சொன்னால் மாறிவிடும். கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்க வேண்டும். மற்ற ஜன்னல்களில் லேசான பச்சைச் சாயல் இருந்தால் அதே சாயல் கேளுங்கள், வெள்ளைக் கண்ணாடி மாட்டினால் ஒரு கதவு மட்டும் தனியாகத் தெரியும். பக்கவாட்டுக் கண்ணாடி குறைந்தது 50 சதவீதம் வெளிச்சம் விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி, கறுப்புக் கண்ணாடி வேண்டாம். சென்னையில் புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. பழையது வாங்குவதில் தப்பில்லை, ஆனால் இரண்டு சோதனை செய்யுங்கள். நான்கு ஓரத்தையும் விரலால் தடவி, நகம் சிக்குகிற அளவுக்குச் சின்னப் பெயர்ப்பு இருந்தாலும் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். அது என்றைக்காவது கதவைச் சாத்தும்போது உதிரும். பிறகு வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து நெட்டுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் புதுக் கண்ணாடி 1,650, மோட்டார் இல்லாத ரெகுலேட்டர் 1,900, டோர் பேட் (கதவின் உள்பக்க மூடி) கிளிப் பத்து 100, பியூட்டைல் டேப் (கதவுக்குள் இருக்கும் ஷீட்டை ஒட்டும் பசை டேப்) 280, சிலிக்கான் ஸ்பிரே 350 ரூபாய். கிளிப்பைக் கண்டிப்பாக முன்கூட்டியே வாங்குங்கள். பழைய கிளிப் வெயிலில் காய்ந்து போயிருக்கும், கழற்றும்போது பாதி உடையும். கிளிப் இல்லாமல் மாட்டிய டோர் பேட் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் கடகடக்கும்.

வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள், நிழலில் நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை 10 எம்.எம். ஸ்பானரால் கழற்றிச் சில நிமிஷம் விடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியில் கதவுக்குள்ளேயே மோதல் சென்சார் இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் டோர் பேட் இல்லாமல் இக்னிஷன் போட்டுக் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது. டோர் பேடில் ஸ்க்ரூ எல்லாம் ஒளிந்துதான் இருக்கும். உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று, கதவை இழுக்கிற குழிக்குள் ஒன்று, சில வண்டியில் ஓரத்தில் ஒன்றிரண்டு, எல்லாவற்றின் மேலும் சின்ன பிளாஸ்டிக் மூடி. கண்ணாடியைச் சுற்றி இறக்குகிற கைப்பிடி உள்ள வண்டியில், கைப்பிடிக்குப் பின்னால் வளைந்த கம்பி லாக் இருக்கும். ஒரு பழைய துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே நுழைத்து இரண்டு கையாலும் ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தால் லாக் தெறித்துவரும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ எல்லாம் வந்தபின் அடியில் ஒரு மூலையிலிருந்து பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி, கிளிப்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். இரும்புத் திருப்புளியால் நெம்பினால் பெயிண்ட் போகும். கடைசியில் பேடை வெளியே இழுக்கக் கூடாது, மேலே தூக்க வேண்டும். மேல் விளிம்பு ஜன்னல் ஓரத்தில் கொக்கி போட்டு நிற்கிறது. தூக்கியதும் பின்னால் பட்டன் கப்ளரும் (பட்டனுக்குப் போகும் ஒயரின் சொருகி) கைப்பிடியின் கேபிளும் தொங்கும். கழற்றுமுன் போனில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். இதைத்தான் பல கடையில் கத்தியால் கிழித்துவிட்டு செல்லோடேப் போட்டு ஒட்டுகிறார்கள், என் கதவிலும் அதுதான் நடந்திருந்தது. அது எதற்கு என்று தெரிந்தால் யாரும் கிழிக்க மாட்டார்கள். ஜன்னலின் வெளி ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுக்காது, தடுக்கவும் வேண்டியதில்லை. மழைத் தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற வடிகால் ஓட்டை வழியாக வெளியே போகும். அப்படித்தான் எல்லாக் கார் கதவும் அமைந்திருக்கிறது. உள்ளே இறங்குகிற தண்ணீர் கேபினுக்குள் தெறிக்காமல் காப்பது அந்த ஷீட் மட்டும்தான். அதில் ஓர் ஓரம் திறந்திருந்தால் தண்ணீர் டோர் பேடின் பின்பக்கமாக வழிந்து கார்ப்பெட்டுக்கு அடியில் போய்ச் சேரும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் பஞ்சு ஊறி நாற்றமெடுக்கும். அதனால் ஷீட்டை மேல் மூலையிலிருந்து மெதுவாக, பசையைக் கத்தி முனையால் அறுத்து அறுத்துப் பிரியுங்கள். கையில் ஒட்டும் பசைக்கு டர்பன்டைன் போதும்.

இப்போது டார்ச் அடித்துக் கதவுக்குள் பாருங்கள். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், கண்ணாடி மாட்டுகிற நேரத்தைவிட மூன்று மடங்கு ஆனாலும் பரவாயில்லை. கதவின் அடியில் ஒரு பிடிக்கு மேல் துகள் கிடக்கும். பெரியதைக் கையுறையோடு அள்ளிவிட்டு, மெல்லிய குழாய் மாட்டிய வேக்கம் கிளீனரை ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் விடுங்கள். கதவை ரப்பர் சுத்தியால் வெளியிலிருந்து லேசாகத் தட்டினால் இடுக்கில் நிற்பது இறங்கும், மறுபடி வேக்கம். அடி விளிம்பில் இருக்கிற வடிகால் ஓட்டைகளைக் கீழேயிருந்து ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள், என் கதவில் எல்லாமே அடைத்திருந்தன. சளக் சளக் சத்தத்துக்குக் காரணம் அதுதான். அப்படியே இரண்டு மழைக்காலம் விட்டால் கதவின் அடி துருப்பிடித்து டிங்கரிங் செலவு வரும். ஸ்பீக்கர் இருந்தால் அதையும் கழற்றி உதறுங்கள். அடுத்து கிளாஸ் ரன், அதாவது கண்ணாடி ஏறி இறங்குகிற ஃபிரேம் ரப்பர். அதை ஃபிரேமிலிருந்து முழுதாக உருவி வெளியே எடுத்து, கவிழ்த்து உதறி, உள்பள்ளத்தை ஈரத் துணி சுற்றிய மரக்குச்சியால் துடையுங்கள். ஜன்னல் அடியில் உள்ளும் வெளியும் இருக்கிற பட்டை ரப்பர்களையும் எடுத்து, அவற்றின் வெல்வெட் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். கடுகைவிடச் சின்னத் துகள் ஒன்று அந்த வெல்வெட்டில் பதிந்திருந்தாலும் ஜன்னல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கோடு கிழிக்கும். என் முதல் கண்ணாடியைக் கெடுத்தது அந்தத் துகள்தான், கையில் எடுத்துப் பார்த்தபோது மனசு ஆறவேயில்லை. வெளிப் பட்டையை ஓர் ஓரத்திலிருந்து நேராக மேலே தூக்குங்கள். வளைந்துவிட்டால் உள்ளே இருக்கிற தகடு நிமிராது, புதுசுதான் வாங்க வேண்டும்.

ரெகுலேட்டரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கேபிள் வகை என்றால் தண்டவாளத்தில் இருக்கிற பழைய கிரீஸ் துகளோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருக்கும். முழுக்கத் துடைத்தெடுத்து வெள்ளை லித்தியம் கிரீஸ் புதிதாக வையுங்கள். கப்பியில் சுற்றும் கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் ரெகுலேட்டரை மாற்றிவிடுவதுதான் நல்லது, கதவை இரண்டாம் முறை பிரிக்கிற வேலை மிச்சம். கத்தரிக்கோல் வகையில் ஸ்பிரிங் இழுவிசை இருக்கும். மோட்டாரைக் கழற்றினால் ரெகுலேட்டரின் இரும்புக் கை சட்டென்று துள்ளும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கும்; அந்த இரும்புக் கையைக் கம்பியால் கட்டிவிட்டே மோட்டாரைத் தொடுங்கள்.

கண்ணாடியை இறக்குமுன் கதவின் அடியில் ஒரு பழைய துணியை விரியுங்கள், தவறி விழும் போல்ட்டைத் தேடி அலைய வேண்டாம். பேட்டரியை மாட்டி, பட்டன் கப்ளரை மட்டும் தற்காலிகமாகச் சொருகி, கண்ணாடியைத் தாங்குகிற பிடி கதவின் ஓட்டைகளுக்கு நேராகத் தெரியும்வரை ரெகுலேட்டரை ஓட்டி நிறுத்துங்கள். பிறகு கப்ளரை உருவிவிடுங்கள். வேலை நடுவில் யார் கையாவது பட்டனில் படலாம். முன்கதவுக் கண்ணாடியை முன்முனை கீழே சாயும்படி பிடித்து, கதவின் பிளவுக்குள் மெதுவாக இறக்கி, உள்ளே போனபின் சமமாகத் திருப்பி, முதலில் பின்பக்க ரன்னில், பிறகு முன்பக்க ரன்னில் உட்காரவையுங்கள். ஓரம் தகட்டில் உரசுகிற மாதிரி இருந்தால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துக் கோணத்தை மாற்றுங்கள். பின்கதவு என்றால் நடுவே ஒரு கம்பித் தூணும் அதற்கப்பால் சின்ன அசையாக் கண்ணாடியும் இருக்கும். அந்தத் தூணின் போல்ட்டுகளை விடுவித்தால்தான் பெரிய கண்ணாடி வரும், போகும். கண்ணாடியைப் பிடியோடு இணைப்பது அடியில் இரண்டு போல்ட், பெரும்பாலும் 10 எம்.எம். கண்ணாடித் துளைக்கும் உலோகத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் புஷ் (வளையம்) இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். புஷ் இல்லாமல் இரும்பு நேராகத் துளை ஓரத்தைத் தொட்டால் முடுக்கும்போதே கண்ணாடி வெடிக்கும். மணிக்கட்டுப் பலத்தில் முடுக்கினால் போதும்.

ஆனால் உடனே முடுக்காதீர்கள். போல்ட்டை விரலால் சுற்றி, கண்ணாடி கொஞ்சம் ஆடுகிற அளவில் விட்டு, ரன் ரப்பருக்குள் சிலிக்கான் ஸ்பிரே அடித்து, கையால் தாங்கியபடி மெதுவாக மேலே ஏற்றுங்கள். மேல் ரப்பரில் முன்பின் இரண்டு மூலையும் ஒரேபோல உட்கார்ந்தபின், மாஸ்கிங் டேப்பை ஃபிரேமுக்கு மேலாக ஒட்டிக் கண்ணாடி அந்தக் கோணத்திலேயே நிற்கச் செய்து, போல்ட் எட்டினால் அங்கேயே முடுக்கிவிடுங்கள். எட்டவில்லையென்றால் கோணம் மாறாமல் இறக்கி முடுக்குங்கள். ரப்பருக்கு கிரீஸோ எண்ணெயோ வேண்டாம், ரப்பர் உப்பும், தூசி சேரும். பிறகு ஒரு தாளை மேல் ரப்பரில் வைத்து ஜன்னலை ஏற்றி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே பிடியோடு வர வேண்டும். ஓரிடத்தில் தளர்ந்து வந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது, 80 கிலோமீட்டர் வேகத்தில் அங்கேதான் காற்று விசிலடிக்கும்.

ஷீட்டை ஒட்டுவதில் சோம்பல் படாதீர்கள். பழைய பசை மண்ணாகியிருந்தால் சுரண்டிவிட்டுப் புது பியூட்டைல் டேப்பை இடைவெளி இல்லாமல் சுற்றிலும் ஒட்டி, ஷீட்டை வைத்து ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அடி விளிம்பு மட்டும் கதவின் பிளவுக்குள் போக வேண்டும், அப்போதுதான் ஷீட்டில் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும். கிழிந்த ஷீட் என்றால் தடித்த பாலிதீனில் அதே அளவு வெட்டிக்கொள்ளலாம். பேடை மாட்டுமுன், கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் நாக்கைத் திருப்புளியால் தள்ளி மூடி, உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி இரண்டிலும் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் சரியாக மாட்டாமல் கதவைச் சாத்திவிட்டால் திறப்பதற்குப் படாத பாடு படவேண்டும். பேடை மேல் கொக்கியில் மாட்டி, கிளிப்களைத் தட்டி, ஸ்க்ரூ போட்டபின், கார்டன் பைப்பில் ஐந்து நிமிஷம் ஜன்னலில் தண்ணீர் விடுங்கள். அடி ஓட்டைகளில் தண்ணீர் சொட்டுவது தெரிய வேண்டும், காலடியில் வைத்த செய்தித்தாள் காய்ந்திருக்க வேண்டும். ஒரே அழுத்தில் தானாக ஏறும் ஜன்னல் பேட்டரி கழற்றியபின் அந்த வேலையைச் செய்யாமல் போகலாம். பல வண்டியில் முழுக்க ஏற்றிப் பட்டனைச் சில வினாடி பிடித்தால் திரும்பும், உங்கள் வண்டியின் முறை கையேட்டில் இருக்கும்.

சீட்டுத் தண்டவாளம், சீட் பெல்ட் பக்கிள் இடுக்கு, கார்ப்பெட் மடிப்பு இங்கெல்லாம் ஒரு வாரம் கழித்து மறுபடி வேக்கம் போடுங்கள், வண்டி ஆட ஆடத் துகள் வெளியே வரும். குழந்தைகளை அதற்கு முன் அந்த சீட்டில் வெறுங்காலோடு ஏற்ற வேண்டாம். அள்ளிய கண்ணாடியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குப்பையில் போடாதீர்கள். அட்டைப் பெட்டியில் போட்டு, டேப் சுற்றி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளர் வரும்போது விஷயத்தைச் சொல்லி அவர் கையில் கொடுங்கள்.